ஏகமனதான புறக்கணிப்பு

இலங்கைக் கிரிக்கெட் அணி வரலாற்றுச் சிறப்புமிக்க சுற்றுப்பயணமாக நியூசிலாந்துக்கு வருகிறது என்று ஆக்லாந்தின் பாபடோயிட்டோய் பகுதி மளிகைக் கடைக் கண்ணாடியில் ஒரு சுவரொட்டி முளைத்தது. அதில் என்ன வரலாறு, என்ன சிறப்பு என்று ஒருவரும் கேட்கவில்லை. இதற்கு முன் வந்த சுற்றுப்பயணமும் வரலாற்றுச் சிறப்புமிக்கதாகத்தான் இருந்தது. அடுத்து வரப்போவதும் அப்படித்தான் இருக்கும். சுவரொட்டி அடிப்பவரிடம் வரலாறு எப்போதும் கையிருப்பில் இருக்கிறது.

சுவரொட்டி வந்தால் ஒருங்கிணைந்த தமிழ் மன்றம் கூடவேண்டும். உலகத்தில் எது நடந்தாலும் அதைப் பற்றி மன்றத்துக்கு ஒரு நிலைப்பாடு இருந்தாக வேண்டும் என்பது விதி. மாநகரசபை குப்பைத் தொட்டி மூடியின் நிறத்தை மாற்றியபோது மன்றம் நிலைப்பாடு எடுத்தது. கோடையில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளுவது பற்றியும் எடுத்தது. மாநகரசபைக்கும் தெரியாது, கடிகாரத்துக்கும் தெரியாது. அதனால் குறையொன்றுமில்லை. நிலைப்பாடு என்பது எடுப்பவரின் நன்மைக்காக எடுக்கப்படுவது.

மன்றத்தின் செயலாளர் யசீகரன். விமான நிலையத்தில் சரக்கு இறக்கும் பகுதியில் வேலை. செயலாளர் பதவிக்கு அவர் ஆசைப்பட்டதில்லை. ஓர் ஆண்டுப் பொதுக்கூட்டத்துக்குத் தாமதமாகப் போனார். கதவைத் திறந்தபோது எல்லோரும் கை தட்டினார்கள். கதிரையில் உட்காருவதற்குள் செயலாளராகிவிட்டிருந்தார்.

மன்றத்துக்கு இன்னொரு மரபும் உண்டு. அங்கே எந்தத் தீர்மானமும் ஏகமனதாகத்தான் நிறைவேறும். கையை முதலில் தூக்குவது யார் என்பதில் போட்டி நடக்கும். தூக்காமல் இருக்க யாரும் போட்டியிட்டதில்லை. முன்பு ஒருமுறை ஒருவர் கையைத் தூக்காமல் இருந்து சபையைத் திகைக்க வைத்தார். அவர் நித்திரை என்பது பிறகுதான் தெரிந்தது. பக்கத்தில் இருந்தவர் தன் கையோடு அவர் கையையும் சேர்த்துத் தூக்கி மன்றத்தின் மானத்தைக் காப்பாற்றினார்.

கூட்டம் வழக்கம்போலப் பள்ளிக்கூட மண்டபத்தில் தொடங்கியது. முதலில் பாதுகாப்பு விளக்கம். அதைக் கொண்டுவந்தவர் துணைத் தலைவி பூங்கோதை. தமிழ்நாட்டுக்காரர், வெஸ்ட்கேட்டில் வீடு, கணினி நிறுவனமொன்றில் மேலாளர். அவர் வந்தபிறகுதான் மன்றம் நாகரிகம் அடைந்தது. முன்பெல்லாம் கூட்டம் என்றால் வந்து, சண்டை பிடித்து, தேநீர் குடித்துவிட்டுப் போவார்கள். இப்போது தீப்பிடித்தால் எந்தக் கதவு, நிலம் நடுங்கினால் எந்த மேசை, வெளியே ஓடினால் எந்த இடத்தில் கூடுவது என்று கேட்டுத் தெளிந்த பிறகே சண்டை பிடிக்கிறார்கள். பொறுப்பில் இருப்பவர்கள் ஒளிரும் மஞ்சள் மேற்சட்டை அணியவேண்டும் என்பதும் அவர் ஏற்பாடுதான். இந்த நாட்டில் அந்தச் சட்டையைப் போட்டவரை ஒருவரும் எதுவும் கேட்பதில்லை. போடாதவரிடம் எல்லாக் கேள்வியும் உண்டு.

விளக்கம் முடிந்ததும் பின்வரிசையில் அன்னம் அக்கா எழுந்து நின்றார். முதியோர் இல்லமொன்றில் சமையல் வேலை செய்பவர். கூட்டங்களில் பேசாதவர். போர் முடிந்த நாட்களில் அவருடைய தம்பியை விசாரணைக்கென்று பஸ்ஸில் ஏற்றினார்கள். ஏற்றியதைப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். இறங்கியதைப் பார்த்தவர்கள் இல்லை.

"ஆட்டம் நடக்கிற அண்டைக்கு மைதான வாசலிலை அரை மணித்தியாலம் நிப்பம்," என்றார். "காணாமல் போன ஆக்களின்ர படங்களோட. கத்த வேண்டாம், ஒண்டும் வேண்டாம். நிண்டால் போதும்."

தலைவர் செல்வரத்தினம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மாசி என்ற புறநகரில் இருப்பவர், ஓய்வுபெற்ற கணக்காளர், உணர்ச்சிவசப்படும்போது கண்ணாடி துடைப்பவர்.

"அருமையான யோசனை அக்கா. மனசைத் தொட்டிட்டுது. ஆனா நிக்கிறது எண்டால் சும்மா இல்லை. மாநகரசபை அனுமதி வேணும். காப்புறுதி வேணும். வீதியோரம் எண்டபடியால் போக்குவரத்துத் திட்டம் வேணும். செம்மஞ்சள் கூம்பு வைக்கவேணும். கூம்பு வைக்கிறதுக்கு லைசென்ஸ் உள்ள ஆள் வேணும்."

சபை பெருமூச்சு விட்டது. கூம்பு என்றதும் எல்லோருக்கும் விஷயத்தின் கனம் புரிந்தது.

"அதைவிடத் திறமான வழி ஒண்டு இருக்கு," என்றார் தலைவர். "போகாமலே விடுவம். போகாமல் இருக்கிறதுக்கு அனுமதி தேவையில்லை."

இப்படியாக, நிற்கலாமா என்று கேட்ட கேள்விக்குப் போகவேண்டாம் என்ற பதில் கிடைத்தது. வரலாற்றுச் சிறப்புமிக்க சுற்றுப்பயணத்தை வரலாற்றுச் சிறப்புமிக்க விதத்தில், மைதானத்திலும் தொலைக்காட்சியிலும், முழுமையாகப் புறக்கணிப்பதென்று தீர்மானம் வந்தது. இந்தியத் தமிழர்களும் மனமுவந்து கை தூக்கினார்கள். தங்கள் அணி ஆடாத ஆட்டத்தைப் புறக்கணிப்பதில் அவர்களுக்கு ஒரு சிரமமும் இருக்கவில்லை. அன்னம் அக்காவும் தூக்கினார். ஏதோ ஒன்று நடக்கிறதே என்று நினைத்திருக்கலாம்.

யசீகரன் கையைத் தூக்கியிருந்தபோது சட்டைப்பையில் போன் அதிர்ந்தது. கையை இறக்கிய பிறகுதான் பார்த்தார். டனீடனில் படிக்கும் மகள் தாரிணி அனுப்பியிருந்தாள். அடுத்த வாரச் சனிக்கிழமை ஆட்டத்துக்கு இரண்டு டிக்கெட் வாங்கிவிட்டேன், உங்களுக்கும் எனக்கும் மட்டும், அதற்காகவே விமானம் ஏறி வருகிறேன் என்று.

யசீகரன் அந்தச் செய்தியைப் பலமுறை படித்தார். அவள் சின்னப் பிள்ளையாக இருந்தபோது இருவரும் முற்றத்துப் புல்லில் குப்பைத்தொட்டியை விக்கெட்டாக வைத்து ஆடியவர்கள். பிறகு அவள் வளர்ந்தாள், கதவைச் சாத்தினாள், எதற்கும் ஆங்கிலத்தில் ஒற்றைச் சொல்லில் பதில் சொன்னாள், தெற்குத் தீவுக்குப் படிக்கப் போனாள். இவ்வளவு காலத்தில் அவளாகக் கூப்பிட்டது இதுதான் முதல் தடவை.

வீட்டுக்கு வந்து மனைவி யோகராணியிடம் என்ன செய்வது என்று கேட்டார்.

"கையைத் தூக்கினது ஆர்?"

"நான்தான்."

"அப்ப கையிட்டக் கேளுங்கோ. என்னட்டை ஏன் கேக்கிறியள்?"

அடுத்த வாரம் நிர்வாகக் குழு கூடியது. புறக்கணிப்பு நடந்தது என்பதை எப்படி நிரூபிப்பது என்று பூங்கோதை கேட்டார்.

"போகலைன்னு நாம சொன்னா போதுமா? அளந்து காட்ட முடியாத வேலையை எங்க ஆபீஸ்ல வேலைன்னே ஒத்துக்க மாட்டாங்க. மைதானத்துல ஒரு தமிழர்கூட இல்லைன்னு யாராவது பார்த்துச் சொல்லணும்."

பார்ப்பதென்றால் உள்ளே இருக்கவேண்டும். உள்ளே இருக்கவேண்டுமென்றால் டிக்கெட் வேண்டும். இதை மறுப்பதற்கு ஒருவராலும் முடியவில்லை. கண்காணிப்பாளர்கள் நியமிக்கப்பட்டார்கள்.

முதலில் வாசலுக்கு ஒருவர் என்று யோசித்தார்கள். ஒருவரை மட்டும் விட்டால் அவர் கண்காணிக்கிறாரா, ஆட்டம் பார்க்கிறாரா என்பதை யார் கண்காணிப்பது? ஆகவே இருவர். இருவரும் ஒரே ஊராக இருந்தால் நடுநிலை கெடும். ஆகவே ஊருக்கு ஒருவர். பெண்களைப் பெண்கள்தான் கண்காணிக்கலாம். ஆகவே மனைவிமார். மனைவிமார் வந்தால் பிள்ளைகளை வீட்டில் தனியே விடச் சட்டம் இடம் தராது. ஆகவே பிள்ளைகள். கண்காணிப்பாளர் என்று வெளியே தெரிந்தால் புறக்கணிக்காதவர்கள் ஒளிந்துகொள்வார்கள் என்பதால் எல்லோரும் ரசிகர்களைப் போல அணியின் நீலச் சட்டை போடுவது, கையில் கொடி வைத்திருப்பது, மற்றவர்கள் தட்டும்போது தாங்களும் கை தட்டுவது என்று முடிவாயிற்று. ஒரு பக்கத்துக்கு மட்டும் தட்டினால் அரசியலாகிவிடும். ஆகவே இரண்டு பக்கத்துக்கும்.

ஒரு சிக்கல் வந்தது. கடமையில் இருப்பவர் மஞ்சள் மேற்சட்டை போடவேண்டும் என்பது பாதுகாப்பு விதி. நீலச் சட்டையோ இரகசிய விதி. வெகுநேரம் விவாதித்து, மஞ்சளை உள்ளே போட்டு நீலத்தை வெளியே போடுவதென்று தீர்த்தார்கள். கழுத்தோரம் மஞ்சள் கொஞ்சம் தெரியவேண்டும். அதுவே அடையாளம்.

கடைசியில் பூங்கோதை, இந்த விஷயத்தில் யாருக்காவது சொந்த நலன் இருந்தால் இப்போதே அறிவித்துவிடுவது முறை என்றார். இது அவருடைய அலுவலகத்தில் எல்லாக் கூட்டத்திலும் கேட்கப்படும் கேள்வி. கேட்பவரும் பதிலை எதிர்பார்ப்பதில்லை, நலன் இருப்பவரும் வாய் திறப்பதில்லை. யசீகரனுக்கு இது தெரியாது. மகள் டிக்கெட் வாங்கிவிட்டாள் என்று உண்மையைச் சொன்னார். இப்போது கண்காணிப்பாளராகப் போகலாம் போலிருக்கிறதே, நல்லதாய்ப் போயிற்று என்றும் சொன்னார்.

ஒரு நிமிடம் முன்புவரை டிக்கெட் வாங்கக் கிளம்பியிருந்த எல்லோரும் டிக்கெட் வைத்திருந்த ஒரே ஆளைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"தம்பி யசீ," என்றார் தலைவர். "நாங்கள் வாங்கப்போறது கடமைக்கு. உம்முடையது விருப்பத்துக்கு வாங்கினது."

"இப்ப நானும் கடமைக்குத்தானே அண்ணை போகப்போறன்."

"விருப்பம் முந்தியே வந்திட்டுதே. அதைத்தான் துணைத் தலைவி நலன் முரண்பாடு எண்டு சொல்லுறா. ஆட்டம் பாக்க விரும்புற ஒருத்தர் கண்காணிப்பாளரா இருக்கேலாது. என்னைப் பாரும். எனக்குக் கிரிக்கெட்டே பிடியாது."

"தப்பா எடுத்துக்காதீங்க அண்ணா," என்றார் பூங்கோதை. "உங்க நேர்மைக்காகவே உங்களை விலக்கி வைக்கிறோம்."

அந்த இருக்கை காலியாக இருந்தால் யாராவது விவரம் தெரியாத தமிழர் வந்து உட்கார்ந்துவிடுவார் என்ற ஆபத்தையும் சபை கவனித்தது. அதைத் தலைவரே நிரப்பவேண்டும் என்று தீர்மானம் வந்தது. யசீகரன் அதற்கும் கை தூக்கினார்.

டிக்கெட் இரண்டும் தாரிணியின் போனில் இருந்தன. தலைவர் அவளோடுதான் உள்ளே போகமுடியும். வெள்ளிக்கிழமை மாலை வந்து இறங்கிய மகளிடம் யசீகரன் விஷயத்தை விளக்கினார். தாரிணி முதுகுப்பையைக்கூட இறக்காமல் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அப்பா, ஆர் யூ சீரியஸ்? வித் செல்வா அங்கிள்?"

"ஒரு பொதுக் காரியம், பிள்ளை."

"ஓகே," என்றாள். கதவு சாத்தும் சத்தம் கேட்டது. அந்தச் சத்தத்தை அவர் கொஞ்ச காலம் மறந்திருந்தார்.

சனிக்கிழமை தலைவர் காரில் வந்து தாரிணியை ஏற்றிக்கொண்டார். நீலச் சட்டை, கையில் சிறு கொடி, கழுத்தோரம் மஞ்சள். முகத்தில் பொதுவாழ்வின் பாரம். "என்ன செய்யிறது தம்பி, பதவி எண்டால் சிலதை அனுபவிக்கத்தான் வேணும்," என்று சொல்லிவிட்டுப் போனார்.

யசீகரன் தொலைக்காட்சியின் மின்செருகியைப் பிடுங்கினார். பக்கத்து வீட்டு பிஜி இந்தியக் குடும்பம் எதையும் பிடுங்கவில்லை. அவர்கள் கத்தும்போதெல்லாம் அது நான்கா, ஆறா, ஆட்டமிழப்பா என்று யசீகரனின் காது தானாகப் பிரித்தது. கேட்பதும் புறக்கணிப்பில் அடங்குமா என்று தீர்மானத்தில் சொல்லியிருக்கவில்லை. ஆகவே பாதுகாப்புக்காகக் காதையும் பொத்திக்கொண்டார். அந்தக் கோலத்தில் அவரை யோகராணி கண்டார்.

"இஞ்சருங்கோ, உங்கட புறக்கணிப்பை நான் குழப்பேல்ல. அன்னம் அக்கா தனியப் போய் வாசலிலை நிக்கிறாவாம். தெரியுமோ?"

யசீகரன் காதிலிருந்து கையை எடுத்தார்.

சனிக்கிழமைகளில் தண்டவாளத்தைப் பழுது பார்ப்பது ஆக்லாந்தின் வழக்கம் என்பதால் ரயிலுக்குப் பதில் பஸ் ஓடியது. அவர் ஈடன் பார்க் மைதானத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது முதல் பாதி ஆட்டம் முடியும் தறுவாயில் இருந்தது. தூறல். வேலியோரம் நடைபாதையில் அன்னம் அக்கா நின்றார். தம்பியின் படத்தை நனையாமல் பிளாஸ்டிக் உறையில் போட்டு நெஞ்சோடு பிடித்திருந்தார். அவர் பக்கத்தில் ஒரு செம்மஞ்சள் கூம்பு இருந்தது.

"இது ஆர் வச்சது அக்கா?"

"வாசல் காவலுக்கு நிக்கிற பொம்பிளைப் பிள்ளை, டொங்கா தீவுக்காரி. சைக்கிளுகள் வாற இடமாம்."

"அனுமதி, காப்புறுதி ஏதும் கேட்டவளோ?"

"படத்தைப் பாத்துத் தம்பியோ எண்டு கேட்டவள். ஓம் எண்டன். போய் இதைத் தூக்கிக்கொண்டு வந்து வச்சிட்டுப் போட்டாள்."

யசீகரன் கூம்பைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு படத்தின் ஒரு மூலையைப் பிடித்தார்.

போன் அதிர்ந்தது. எங்கே இருக்கிறீர்கள் என்று தாரிணி கேட்டிருந்தாள். வாசலில் என்று அனுப்பினார். சற்று நேரத்தில் அவள் தொப்பியை இழுத்துவிட்டபடி வெளியே வந்தாள். ஒருமுறை வெளியே வந்தால் திரும்ப உள்ளே விடமாட்டார்கள் என்று வாசலில் பெரிதாக எழுதியிருந்தது. யசீகரன் அதைச் சுட்டிக்காட்டினார்.

"ஐ நோ," என்றாள். "அந்த அங்கிள் எல்லாத்துக்கும் கை தட்டுறார் அப்பா. அவுட் ஆனவனுக்கும் தட்டுறார், அவுட் ஆக்கினவனுக்கும் தட்டுறார்."

"அது நடுநிலை, பிள்ளை."

அவள் சிரித்தாள். அவரும் சிரித்துவிட்டார். படத்தைப் பார்த்ததும் அவள் சிரிப்பை நிறுத்தினாள். இது யார் ஆன்ட்டி என்று கேட்டாள்.

"என்ர தம்பி, மோனை. இருந்திருந்தால் இப்ப உள்ளுக்கை இருப்பான். கிரிக்கெட் எண்டால் அவனுக்கு உயிர். ஆர் சிக்ஸ் அடிச்சாலும் கத்துவான், எந்த டீம் எண்டில்லை."

அப்போது உள்ளே மைதானம் அதிர ஒரு பேரொலி எழுந்தது. தாரிணி போனை எடுக்கவில்லை. என்ன நடந்தது என்று பார்க்கவில்லையா என்று யசீகரன் கேட்டார். பிறகு பார்க்கலாம் என்று சொல்லிவிட்டு அவள் படத்தின் மற்ற மூலையைப் பிடித்துக்கொண்டாள். அரை மணித்தியாலம் என்று கேட்டு வந்த அன்னம் அக்காவோடு மூவருமாக ஆட்டம் முடியும்வரை நின்றார்கள். வாசல் காவல் பிள்ளை வந்து கூம்பைக் கொஞ்சம் தள்ளி வைத்து இடத்தை அகலமாக்கிவிட்டுப் போனாள்.

மேல்மாடத்து விளிம்பில் நீலச் சட்டைகள் வரிசையாக வந்து எட்டிப் பார்த்ததையும், சில போன்கள் கீழ்நோக்கி நீண்டதையும் யசீகரன் கண்டார். பழகிய முகங்கள். ஒருவருக்குக் கையும் காட்டினார்.

அடுத்த கூட்டத்தில், தீக்கும் நிலநடுக்கத்துக்கும் உரிய மரியாதை செய்தபின், பூங்கோதை கண்காணிப்பு அறிக்கையை வாசித்தார். மைதானத்துக்குள் தமிழர்கள் பெருந்தொகையாகக் காணப்பட்டார்கள். அனைவரும் கண்காணிப்பாளர்கள் என்பது கழுத்தோர மஞ்சளால் உறுதி செய்யப்பட்டது. ஆட்டம் பார்ப்பதற்காக வந்த தமிழர் ஒருவருமில்லை. ஆகவே புறக்கணிப்பு முழு வெற்றி. மன்றம் எழுந்து நின்று கை தட்டியது. அண்மையில் நிறையப் பயிற்சி இருந்ததால் நன்றாகத் தட்டியது.

ஆனால் வருந்தத்தக்க ஒரு மீறல் நடந்திருக்கிறது என்று அறிக்கை தொடர்ந்தது. மன்ற உறுப்பினர் இருவர், உரிய மேற்சட்டை இன்றி, ஆட்ட நாளில் மைதானச் சுற்றாடலில் நடமாடியிருக்கிறார்கள். வெளிச்சக்தி ஒன்றும் அவர்களோடு சேர்ந்து நின்றிருக்கிறது. புகைப்படங்கள் உண்டு.

வெளிச்சக்தி அப்போது டனீடனில் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தது.

யசீகரன் எழுந்தார். "நான் உள்ளுக்கை போகேல்லையே அண்ணை."

"அதுதான் தம்பி பிரச்சினையே," என்றார் தலைவர், கண்ணாடியைத் துடைத்தபடி. "உள்ளுக்கை வந்திருந்தால் நீர் ஆட்டம் பாக்கேல்ல எண்டதுக்கு நாங்கள் சாட்சி. வெளியிலை நிண்ட ஆளுக்கு ஆர் சாட்சி?"

"அன்னம் அக்கா நிண்டவா."

"அவவுக்கு ஆர் சாட்சி?"

அன்னம் அக்கா பின்வரிசையில் மடியில் கைப்பையை வைத்துக்கொண்டு இருந்தார். கேள்வி அவரிடம் வரவில்லை.

இருவரையும் கண்டிப்பதென்றும், மீறல் நடந்த நாள் முதற்கொண்டு அவர்களின் வாக்குரிமையை நிறுத்தி வைப்பதென்றும் தீர்மானம் முன்மொழியப்பட்டது. செயலாளர் என்ற முறையில் அதை எழுதியவர் யசீகரன். காற்புள்ளிகூடப் பிசகாமல் எழுதினார். ஆதரிப்பவர்கள் கையைத் தூக்கலாம் என்றார் தலைவர்.

முன்வரிசை தூக்கியது. நடுவரிசை தூக்கியது. யசீகரன் எண்ணுவதற்காகத் தலையை நிமிர்த்தினார். எங்கு பார்த்தாலும் கைகள். அன்னம் அக்காவின் இரண்டு கைகளும் கைப்பையின் மேல் இருந்தன. அவர் யசீகரனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தைக்கூட அல்ல, முகத்துக்குக் கொஞ்சம் மேலே. யசீகரன் தானும் அண்ணாந்து பார்த்தார். அங்கே அவருடைய வலது கை நின்றது.

தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. வாக்குரிமை இல்லாதவர் என்பதால் அன்னம் அக்காவின் கை தாழ்ந்திருந்தது கணக்கில் வரவில்லை. அதே விதிப்படி யசீகரனின் கை உயர்ந்திருந்ததும் கணக்கில் வரவில்லை. தேநீர் வந்தது. எல்லோரும் எழுந்து போனார்கள். அந்தக் கையை இறக்கச் சொல்ல ஒருவருக்கும் தோன்றவில்லை.